பூட்டைத் திறந்தால் 200 கினி

"முடிந்தால் எங்கள் சர்வருக்குள் நுழைந்து பாருங்கள். நுழைந்த வழியை எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், பணம் தருகிறோம்" என்று உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவும் இன்று பகிரங்கமாக அழைக்கின்றன. இந்த வேலைக்கு எதிக்கல் ஹேக்கிங் என்று பெயர். பொறியியல் கல்லூரி இருக்கும் ஊர்களில் இதற்கான பயிற்சி வகுப்பு விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. கணினியோடு பிறந்த புதுத் தொழில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதற்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. பிறந்த இடம் லண்டன் பிக்காடிலியில் இருந்த ஒரு பூட்டுக்கடை.

அந்தக் கடைக்காரர் ஜோசஃப் பிராமா. 1784இல் ஒரு புதுவகைப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர். தம் சரக்கின்மேல் அவருக்கு அசையாத நம்பிக்கை. 1790இல் கடையின் முகப்புச் சன்னலில் ஒரு பூட்டை வைத்தார். சாவி இல்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்து காட்டுகிறவருக்கு அந்த நிமிடமே 200 கினி கையில் தரப்படும் என்று அதன் மேலேயே எழுதியும் வைத்தார். அந்தக் காலத்தில் அது ஒரு கூலித் தொழிலாளியின் பல ஆண்டுச் சம்பளம். பிராமா 1814இல் இறந்தார். பூட்டும் சவாலும் சன்னலிலேயே இருந்தன.

இதற்கிடையில் 1817இல் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டுக்கு 100 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு ஜெரமையா சப் என்பவர் ஒரு பூட்டோடு வந்தார். அதைச் சோதிக்க அரசு தேர்ந்தெடுத்த ஆள்தான் வேடிக்கை. பழைய கப்பல்களைச் சிறையாக்கிக் கைதிகளை அடைத்துவைத்திருந்த காலம் அது. அப்படி ஒரு கப்பலில் பூட்டுத்தொழில் தெரிந்த கைதி ஒருவர் இருந்தார். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார் என்று பெயர். சப்பின் பூட்டைத் திறந்தால் விடுதலை, கூடவே சப் தரும் பணம் என்று பேசி அவர் கையில் அதைக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு அவர் கைவிரித்தார். குற்றவாளியின் திறமையை அனுமதியோடு, சம்பளம் பேசிப் பயன்படுத்திய அந்த ஏற்பாடு இன்றைய பெனட்ரேஷன் டெஸ்டிங் ஒப்பந்தத்துக்கு வெகு பக்கத்தில் நிற்கிறது.

சப் செய்த பூட்டுக்குள் ஒரு நூதனம் இருந்தது. சாவி திரும்பும்போது உள்ளே இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழ வேண்டும். எந்தத் தகடாவது அளவு மீறி எழுந்தால் ஒரு வில் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் பூட்டு அசையாது. வீட்டுக்காரர் வந்து தம் சாவியைப் போட்டதும் பூட்டு அடம்பிடிக்கும். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பின்னால் திருத்திய வடிவத்தில், அதே சாவியை எதிர்ப்பக்கம் ஒரு தடவை திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஊடுருவலைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்களை இன்று நெட்வொர்க்கில் வைக்கிறோமே, அதே வேலையை இரும்பில் செய்திருந்தார் சப்.

1851இல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தது. நியூயார்க்கின் டே அண்டு நியூவெல் நிறுவனம் தன் பூட்டை விற்க ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்பவரை அனுப்பியிருந்தது. தம் சரக்கு விற்க வேண்டுமானால் உள்ளூர்ச் சரக்கின் பெயரைக் கெடுக்க வேண்டும் என்பது வியாபாரியான ஹாப்ஸுக்குத் தெரியும். வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கட்டடத்தின் காப்பறைக் கதவில் இருந்த சப் பூட்டை, சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, 25 நிமிடத்தில் திறந்தார். திறந்ததோடு நிற்காமல், எந்தச் சேதமும் இல்லாமல் திரும்பவும் பூட்டிக் காட்டினார்.

அவர் செய்த விதம்தான் இன்றைக்கும் பாடம். சப்பின் எச்சரிக்கை வில்லையே ஹாப்ஸ் தம் ஒற்றனாக்கிக்கொண்டார். வில் பிடித்தால் ஒரு தகடு அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்படிப் பூட்டே தன் ரகசியத்தைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் கணக்கிட்டுவிட்டார். ஓர் இணையதளத்தில் தவறான பெயரைக் கொடுத்தால் "இப்படி ஒரு பயனர் இல்லை" என்றும், சரியான பெயரோடு தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தால் "கடவுச்சொல் தவறு" என்றும் தனித்தனியாகப் பதில் வருகிறதா? அங்கே ஹாப்ஸுக்கு உதவிய அதே குறை இருக்கிறது. எந்தப் பெயர்கள் உண்மையானவை என்பதைத் தளமே ஊடுருவ வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்து பிராமாவின் சன்னல். நடுவர் குழு அமைத்து, 30 நாள் கெடு கொடுத்து, ஓர் அறையில் பூட்டை வைத்தார்கள். ஹாப்ஸ் 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். அறுபது ஆண்டாக யாருக்கும் போகாத 200 கினி அவருக்குப் போனது. பத்திரிகைகள் அமளிப்பட்டன. இங்கிலாந்தின் பூட்டுகளை நம்ப முடியாதா என்று வங்கிகள் கலங்கின. ஹாப்ஸ் லண்டனிலேயே தங்கிப் பூட்டுக் கம்பெனி தொடங்கினார். ஆனால் அவர் விற்க வந்த அமெரிக்கப் பூட்டையும் சில ஆண்டுகளில் அமெரிக்காவின் லைனஸ் யேல் திறந்துவிட்டார். நம் வீட்டுக் கதவுகளில் இருக்கும் யேல் பூட்டின் பெயர் அந்தக் குடும்பத்தினுடையது.

பூட்டின் குறையை ஊரறியப் பேசலாமா, திருடனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆகாதா என்ற வாதம் அப்போதே கிளம்பியது. ஹாப்ஸின் எழுத்துகளைக் கொண்டு 1853இல் வெளிவந்த பூட்டு நூல் இதற்கு நேராகவே பதில் சொன்னது: திருடர்களுக்குத் தொழில் ஏற்கெனவே தெரியும், குறை தெரியாமல் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் வாங்குகிறவர்கள்தான். முப்பது ஆண்டு கழித்து, 1883இல், பாரிஸில் மொழி ஆசிரியராக இருந்த ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் ராணுவச் சங்கேத எழுத்துக்கும் இதையே விதியாக வகுத்தார். இயந்திரம் முழுவதும் எதிரி கையில் சிக்கினாலும் சாவி மட்டும் சிக்காதவரை ரகசியம் காக்கப்பட வேண்டும் என்றார். இன்றைய குறியாக்கமெல்லாம் அந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

பூட்டு இரும்பாக இருந்தவரை உடைப்பவர் அருகில் வர வேண்டியிருந்தது. கம்பியில்லாத் தந்தி அந்தத் தேவையை ஒழித்தது. தம் செய்திகளை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மார்க்கோனி விளம்பரப்படுத்தி வந்தார். 1903 ஜூன் 4 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் பேராசிரியர் ஆம்புரோஸ் ஃபிளெமிங் கார்ன்வாலிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியைப் பெற்றுக்காட்ட ஆயத்தமாக இருந்தார். செய்தி வருவதற்குள் கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. எலிகள், எலிகள் என்று ஒரே சொல் மோர்ஸ் குறியில் திரும்பத் திரும்ப வந்தது. பின்னாலேயே மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டு. ஃபிளெமிங் கொதித்துப்போய், இது அறிவியல் ரௌடித்தனம் என்று டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். நான்தான் செய்தேன் என்று அதே பத்திரிகையில் பதில் கொடுத்தவர் நெவில் மாஸ்கலின், மேடையில் மாயவித்தை காட்டும் கலைஞர். மக்கள் நம்பி ஏமாறக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று வாதிட்டார்.

அவருக்குப் பின்னால் வியாபாரமும் இருந்தது. மார்க்கோனியின் வேலைகளை உளவு பார்க்க அவரை அமர்த்தியிருந்தது ஈஸ்டர்ன் டெலிகிராஃப் கம்பெனி. கடலடிக் கம்பிகளில் கோடிக்கணக்கில் முதல் போட்டிருந்த நிறுவனம் அது. கார்ன்வாலின் போர்த்கர்னோ கடற்கரைக்கு 1870இல் வந்து சேர்ந்த கம்பிப் பாதைதான் லண்டனையும் பம்பாயையும் இணைத்தது. காற்றில் செய்தி போகத் தொடங்கினால் கம்பிக்கு மதிப்பு ஏது? ஆக, கம்பி நெட்வொர்க் முதலாளி கம்பியில்லா நெட்வொர்க்கின் ஓட்டையை ஊருக்குக் காட்டச் செலவு செய்தார். மாஸ்கலின் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனால் அவரை எதிக்கல் ஹேக்கர் வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் காட்டிய ஓட்டை மட்டும் உண்மையானது.

தொலைபேசிக் காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் தொலைதூர இணைப்புகளை இயக்கும் ஒலிகளின் அதிர்வெண்களைத் தன் தொழில்நுட்ப இதழிலேயே 1950களிலும் 1960இலும் அச்சிட்டுவிட்டது. பொறியாளர்களுக்காக எழுதியதைச் சிறுவர்கள் நூலகத்தில் படித்தார்கள். பார்வையற்ற ஜோ எங்க்ரெசியா படிக்கவே இல்லை. 2600 ஹெர்ட்ஸில் விசிலடித்தால் இணைப்பு துண்டிக்கப்படுவதைச் சிறு வயதில் தற்செயலாகக் கண்டுகொண்டார். பின்னால் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய வாஸ்னியாக்கும் ஜாப்ஸும் இந்த ஒலிகளை எழுப்பும் நீலப்பெட்டிகளைச் செய்து விற்றார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வியாபாரம் அதுதான்.

கணினிக்குக் கடவுச்சொல் வந்த கதையும் இதே காலத்தது. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை உருவாக்கினார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், இவ்வளவு நேரம் என்று பங்கீடு. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை, கடவுச்சொல் கோப்பின் பெயரை எழுதி, இதை அச்சிட்டுத் தருக என்று துளையட்டையில் கோரிக்கை போட்டார். கோப்பு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை மற்ற அச்சுத்தாள்களோடு அதுவும் தயாராக இருந்தது. 1966இல் அந்தத் தாளும் தேவைப்படவில்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எடிட்டர் இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரைக் கொடுத்ததால் கோப்புகள் இடம் மாறிப்போயின. அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொல்லும் வரிசையாகத் தெரிந்தது.

இரண்டிலும் கெட்டிக்காரத் திருடர் யாரும் இல்லை. கோப்பு அனுமதியும் தற்காலிகக் கோப்பும் சிஸ்டம் அட்மினின் அன்றாட விஷயங்கள். ஹேக்கிங் வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் உடைத்தவரும் காத்தவரும் முதலில் அந்த அமைப்பைத் தினசரி ஓட்டப் பழகியவர்களாகவே இருக்கிறார்கள்.

அமெரிக்க விமானப்படை 1970களில் தன் சொந்தக் கணினிகளைத் தாக்கிப் பார்க்கக் குழுக்களை அமைத்தது. பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் மல்டிக்ஸ் அமைப்பைத் துளைத்து 1974இல் அறிக்கை தந்தார்கள். பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். அகராதிச் சொற்கள், குட்டிச் சொற்கள் என்று எளிதில் சிக்கியவை 86 சதவீதம். 1979இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மாரிஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

அதற்கு முன் க்ளிஃபோர்டு ஸ்டோல். வானியல் படித்தவர். ஆய்வுக்கான நிதி தீர்ந்துபோனதால் 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் அவரைக் கணினி மையத்துக்கு அனுப்பியது. அங்கே முதலில் வந்த வேலைகளில் ஒன்று, கணக்கில் இடிக்கும் 75 சென்டுக்குக் காரணம் கண்டுபிடிப்பது. கணினி நேரத்துக்குக் கட்டணம் வசூலிக்கும் காலம். இரண்டு கணக்கு நிரல்கள் சொல்லும் தொகையில் அவ்வளவு வித்தியாசம். மற்றவர்கள் விட்டிருப்பார்கள். ஸ்டோல் தோண்டினார். பில் அனுப்ப முகவரியே இல்லாமல் ஹன்டர் என்று ஒரு பயனர் இருந்தார்.

உள்ளே வந்தவர் நுழைந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஈமேக்ஸ் எடிட்டரோடு சேர்ந்து அஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் ஒரு சிறு நிரல் வந்தது. அந்த ஆய்வகத்தில் அதைச் சூப்பர் யூசர் அதிகாரத்தோடு நிறுவியிருந்தார்கள். அதனால் எந்தக் கோப்பையும் எந்த இடத்துக்கும் அது நகர்த்தும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானாக இயக்கும் ஒரு சிஸ்டம் நிரலின் இடத்தில் அவர் தம் நிரலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். கணினியே அதைச் சூப்பர் யூசராக இயக்கிக் கொடுத்தது. காரியம் முடிந்ததும் பழைய நிரலைத் திரும்ப வைத்துவிட்டார். காக்கைக் கூட்டில் குயில் இட்ட முட்டை. ஸ்டோல் 1989இல் எழுதிய புத்தகத்துக்கும் குக்கூஸ் எக் என்பதுதான் பெயர்.

பிடித்த விதமும் அட்மின் வேலைதான். சக ஊழியர்களின் பிரிண்டர்களை வார இறுதியில் தூக்கிவந்து வெளியிலிருந்து வரும் ஐம்பது தொடர்புகளிலும் மாட்டினார். வந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் விழுந்தது. தொலைபேசித் தடம் ஜெர்மனிக்குப் போனது. ஆனால் தடம் பிடித்து முடிப்பதற்குள் அவர் இணைப்பைத் துண்டித்துவிடுவார். அவரை நீண்ட நேரம் இருத்திவைக்க, ஏவுகணைப் பாதுகாப்புத் திட்டக் கோப்புகள் போலப் பொய்க் கோப்புகளைத் தயாரித்து வைத்தார் ஸ்டோல். ஹானோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் சிக்கினார். அவருடைய கூட்டம் திருடியதை சோவியத் உளவுத்துறைக்கு விற்று வந்திருந்தது. ஹனிபாட் என்று இன்று வகுப்பில் நடத்தும் பாடத்துக்கு இதுதான் புகழ்பெற்ற முன்னோடி.

இப்போது மாரிஸ். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் மாணவர் ஒருவர் எம்.ஐ.டி. கணினி வழியாக ஒரு புழுவை இணையத்தில் விட்டார். அது எதையும் அழிக்க எழுதப்பட்டதில்லை. ஆனால் ஒரே கணினியில் பல தடவை தொற்றிக்கொண்டதால் ஆயிரக்கணக்கான கணினிகள் திணறி நின்றன. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொல்லை ஊகிப்பது. மாணவரின் பெயர் ராபர்ட் டப்பன் மாரிஸ். 1979 கட்டுரையின் ராபர்ட் மாரிஸ் அவருடைய அப்பா. அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பின் தலைமை விஞ்ஞானி. மகனுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகச் சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். அந்தப் புழு கிளப்பிய பீதியில் சில வாரங்களுக்குள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் பிறந்தது. உலகமெங்கும் நாடுகள் அதைப் பார்த்து ஆளுக்கொன்று அமைத்தன. நம் செர்ட்-இன் 2004 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது.

1993இல் டான் ஃபார்மரும் வீட்ஸ வெனமாவும் துணிந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: உங்கள் அமைப்பைக் காக்க வேண்டுமானால் நீங்களே அதற்குள் உடைத்து நுழைந்து பாருங்கள். எழுதியது சிஸ்டம் அட்மின்களுக்காக. 1995இல் அதற்கான சோதனைக் கருவியையும் இலவசமாக வெளியிட்டார்கள். சாத்தான் என்று பெயர் வைத்ததில் பெரும் கூச்சல். பெயர் பிடிக்காதவர்களுக்காக உள்ளேயே ஒரு சிறு நிரல் வைத்திருந்தார்கள். அதை ஓட்டினால் சாத்தான் சாண்டாவாக மாறிவிடும். அதே ஆண்டு அக்டோபரில் நெட்ஸ்கேப் தன் பிரௌசரில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு அறிவித்தது. பிராமாவின் சன்னல் 205 ஆண்டு கழித்துக் கணினித் திரையில் திறந்தது. 1997இல் நெட்வொர்க்கை அலசும் என்மேப் வந்தது, 2013இல் சோதனைக் கருவிகளை மொத்தமாகத் தரும் காளி லினக்ஸ். மற்றவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சமீப காலம்.

இவ்வளவு கருவிகளும் இலவசமாகக் கிடைப்பதால் முதல் வாரமே காளி லினக்ஸைப் போட்டு ஸ்கேன் ஓட்டக் கற்றுத்தரும் வகுப்புகள் பெருகிவிட்டன. அது தலைகீழ்ப் பாடம். ஒரு போர்ட் திறந்திருக்கிறது என்று என்மேப் எப்படிச் சொல்கிறது? இணைப்புக் கேட்டு அனுப்பிய சின் பாக்கெட்டுக்கு சின்-அக் பதில் வந்தால் திறந்திருக்கிறது. ஆர்எஸ்டி வந்தால் மூடியிருக்கிறது. பதிலே வராவிட்டால் நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். டிசிபியின் கைகுலுக்கல் தெரியாதவருக்கு அந்தத் திரையில் இருப்பது வெறும் எழுத்து. ஓவர் த வயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டைப் பாருங்கள். உலகமெங்கும் மாணவர்கள் தொடங்கும் இடம் அது. அதன் ஆரம்பப் படி ஒன்றில் ஒரு கோப்பின் பெயரே வெறும் சிறுகோடு. கேட் கட்டளையோடு அதைத் தட்டினால் கணினி நீங்கள் தட்டச்சு செய்யக் காத்துக்கொண்டே இருக்கும். முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால்தான் கோப்பு திறக்கும். இதில் ஹேக்கிங் என்று ஒன்றும் இல்லை. லினக்ஸ் ஷெல் எப்படி யோசிக்கிறது என்பதுதான் பாடம். முதலில் அமைப்பு, பிறகு தாக்குதல் என்ற அந்த வரிசை சரியானது.

அந்த அடிப்படை என்ன செய்யும் என்பதற்குச் சென்னையின் லட்சுமண் முத்தையா நல்ல சாட்சி. இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மறந்தால் மொபைலுக்கு ஆறு இலக்க எண் வரும். மொத்தம் 10 லட்சம் சாத்தியங்கள், ஆயுள் 10 நிமிடம். ஒரே ஐபி முகவரியிலிருந்து அடுத்தடுத்து முயன்றால் தளம் தடுத்துவிடும். பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால் தடை ஏமாறுகிறது என்று அவர் கண்டார். ஆயிரம் முகவரிகளிலிருந்து 2 லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டி, முறைப்படி நிறுவனத்துக்குத் தெரிவித்தார். 2019இல் பரிசு 30,000 டாலர். ஓட்டை அடைக்கப்பட்டது.

படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொந்த லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை நிறுவி, ஒன்றில் நீங்களே ஒரு சர்வரை ஓட்டிப் பழகுங்கள். பயனர், அனுமதி, லாக், ரவுட்டிங் எல்லாம் கைவந்த பிறகு இன்னொன்றிலிருந்து அதைத் தாக்குங்கள். அடுத்தவர் கணினியைத் தொடுவதானால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் தீய நோக்கத்தோடு புகுந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அனுமதியில்லாமல் நுழைந்தாலே 43ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம். ஏதாவது ஓர் அரசுத் தளத்தில் ஓட்டை கண்ணில் பட்டால், உள்ளே போய்ப் பார்க்காமல் செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். அப்படி வரும் தகவல்களைப் பெற்றுக்கொள்ள அங்கே தனி ஏற்பாடே இருக்கிறது.